செட்டிநாட்டை சைக்கிளில் பாருங்கள், அந்தச் சின்னச் சாலைகளை அப்படியே விடுங்கள்

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கார். பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு, கானாடுகாத்தானில் ஒரு வீடு, மதியம் இலை போட்டுச் சாப்பாடு, ஆத்தங்குடியில் நாலு போட்டோ. பொழுது சாய்வதற்குள் பைபாஸ் ஏறிவிடுகிறார்கள். வருவதே சந்தோஷம்தான். ஆனால் அந்த நாலு இடத்துக்கும் நடுவில்தான் செட்டிநாடு இருக்கிறது, கார் வேகத்தில் அது கண்ணில் படாது. என்னைக் கேட்டால், எங்கள் பகுதியைப் பார்க்க சைக்கிள்தான் சரியான வண்டி.

இங்கே மலை ஏற வேண்டியதில்லை. குன்றக்குடியும் திருமயமும் சமவெளியில் தனியாக நிற்கிற பாறைகள், சாலை அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மீதியெல்லாம் செம்மண் பூமி, கண்மாய்க் கரை, பனை, முந்திரித் தோப்பு, தைலமரக் காடு. ஒரு ஊர் முடிந்து கொஞ்ச தூரத்தில் அடுத்த ஊர் வந்துவிடும். நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பார்கள், இன்று எழுபதுக்குச் சற்று மேல். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள் இந்த ஊர்களுக்கு நடுவே பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன தார்ச்சாலையின் ஓரத்தில். இதைவிட நல்ல சைக்கிள் வரைபடத்தை யாரும் புதிதாகப் போடத் தேவையில்லை.

நான் முதலில் போகச் சொல்வது கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடி போகிற சாலை. செட்டிநாடு என்ற பெயரிலேயே பக்கத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். கானாடுகாத்தானுக்குள் நுழைந்ததும் அரண்மனை வாசலுக்கு ஓடாதீர்கள். முதலில் தெருக்களில் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். நேர்கோட்டில் போட்ட தெருக்கள். ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில். முகப்பு, வானம் பார்த்த முற்றமுள்ள வளவு, இரண்டாங்கட்டு, சமையல்கட்டு என்று ஒரு வீடு எவ்வளவு நீளம் என்பது அதன் பக்கச் சுவரை ஒட்டி சைக்கிளில் போகும்போதுதான் புரியும். சுவர் வந்துகொண்டே இருக்கும்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். வளவில் விழுகிற மழைத் தண்ணீரை அண்டா குண்டா எல்லாம் வைத்துப் பிடித்தது போக, மிச்சம் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்து ஊருணிக்குப் போய்ச் சேரும்படி கட்டியிருக்கிறார்கள். வறண்ட சீமை, வற்றாத ஆறு கிடையாது, மழையை விட்டால் வேறு நாதியில்லை. அதனால் வீட்டையும் தெருவையும் ஊருணியையும் ஒரே சாய்வில் வைத்தார்கள். அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காலுக்குத் தெரியும். தெருமுனையிலிருந்து ஊருணிப் பக்கம் திரும்பினால் பெடல் இலேசாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு வந்தால் ஊருணி படிக்கட்டு வரை தளும்பிக்கொண்டிருக்கும்.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014இல் செட்டிநாடு இடம் பெற்றபோது, தமிழ் வணிகர்களின் ஊர்த் தொகுப்புகள் என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். தனித்தனி வீடுகளுக்கான பட்டியல் அல்ல அது. வீடு, தெரு, ஊருணி, கோயில் எல்லாம் சேர்ந்த ஊர்கள். அப்படியானால் அந்த ஊர்களைக் கோக்கிற சாலைகளும் கணக்கில் வர வேண்டும் என்பது என் கட்சி.

இந்தச் சாலைகள் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அது சும்மா வந்த அமைதி அல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் செய்து சேர்த்த பணத்தில் எழுந்த வீடுகள் இவை. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பியவர்கள் உண்டு. அறுபதுகளில் அங்கே வந்த ராணுவ ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் அரசுடைமையாக்கியதும் மிச்ச நம்பிக்கையும் போனது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்குதாரர்கள் இருப்பார்கள், ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் போட மாட்டார். கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் மட்டும் கதவு திறக்கும். நாம் ரசிக்கிற அமைதி, ஊரை விட்டுப் போனவர்களின் அமைதி. அதனால் பூட்டிய வீட்டுத் திண்ணையில் ஏறி ரீல்ஸ் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துப் போகிறது. காவலுக்கு இருக்கிற அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உள்ளே கூட்டிப் போனால் கையில் ஏதாவது கொடுங்கள். பூட்டாத வீடு என்றால் திண்ணையில் ஒரு ஆச்சி உட்கார்ந்திருப்பார். “எந்த ஊரு, யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?” என்றுதான் முதல் கேள்வி வரும். காரில் போகிறவரை யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி நிற்கிறவரிடம் கேட்பார்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடி பத்து கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். காலையில் வேலை தொடங்கிய பிறகு போய்ச் சேருவது நல்லது, ஏனென்றால் அங்கே பார்க்க வேண்டியது பெரிய வீட்டை மட்டும் அல்ல, தரையில் பதிக்கிற டைல்ஸ் கல் அடிக்கிற பட்டறையையும். ஒரு கண்ணாடிப் பலகையைத் தரையில் வைக்கிறார்கள். மேலே இரும்புச் சட்டம். அதற்குள் பூ வடிவத்தில் தடுப்புகள் உள்ள அச்சு. ஒவ்வொரு தடுப்பிலும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று. ஊற்றி முடித்ததும் அச்சை நேராகத் தூக்குகிறார்கள். கை ஒரு நூல் அசைந்தால் நிறம் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும், அசைவதில்லை. அப்புறம் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையைப் போட்டு, கரணையால் வழித்துச் சமன் செய்து ஓரமாக வைக்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கண்ணாடியிலிருந்து கல் பிரிந்து வரும்போது மேல்பக்கம் தானாகவே பளபளக்கிறது. அச்சே இல்லாமல் கையாலேயே கோடு இழுத்துப் பூப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளூர் மண்ணும் இந்தக் கையும் சேர்ந்துதான் அது. இதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வெளியே டிரைவர் காத்துக்கொண்டிருந்தால் முடியாது.

ஆத்தங்குடியிலிருந்து பலவான்குடி வழியாக காரைக்குடிப் பக்கம் திரும்பிவிடலாம். தெம்பு இருந்தால் குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் போகலாம். பிள்ளையார்பட்டி குடைவரையில் பிள்ளையார் சந்நிதியோடு நிறுத்திக்கொள்ளாமல் சுவரில் இருக்கிற பழைய கல்வெட்டையும் கேட்டுப் பாருங்கள், மிகப் பழைய தமிழ் எழுத்து. மேற்கே சிராவயல். மஞ்சுவிரட்டுக்குப் பேர் போன ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். 1927இல் காந்தி, பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவாவைத் தேடி வந்து ஆசிரமத்தில் பார்த்த ஊரும் அதுதான். இன்னும் மேற்கே திருப்புத்தூர், மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24இல் தூக்கிலிட்ட இடம். இந்தப் பக்கம் போக்குவரத்து அதிகம், அதிகாலையில் மட்டும் போங்கள். தைப்பூச நேரத்தில் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நகரத்தார் காவடி நடந்து போகும், அப்போது சாலை முழுக்க நடப்பவர்களுக்குத்தான் சொந்தம்.

அதற்கும் அப்பால் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். கூடு கட்ட வந்த பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர். அந்த ஊருக்கு ஹார்ன் அடிக்காத வண்டியில் போவதுதான் மரியாதை.

திருமயத்துக்கு நெடுஞ்சாலையில் போகாதீர்கள். கடியாபட்டி வழியாக உள்சாலைகள் இருக்கின்றன, அங்கேயும் பெரிய பெரிய வீடுகள். ராமநாதபுரம் சேதுபதி 1687இல் கட்டிய கோட்டை, ஒரே பாறையில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் குடைந்த கோயில்கள். பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்துவிட்டுக் கோட்டை உச்சியில் பீரங்கி பக்கத்தில் நின்றால், வந்த சாலை கண்மாய்களுக்கு நடுவே நூல் மாதிரி தெரியும். உச்சிப் பொழுதுக்குக் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அதைக் கணக்கு வைத்துக் கிளம்புங்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். சுற்றுலா வளர வேண்டும் என்றாலே சாலையை அகலப்படுத்து என்கிறார்கள். நெடுஞ்சாலை அகலட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஊருக்கும் ஊருக்கும் இடையே போகிற இந்தச் சாலைகளை அகலப்படுத்தினால் முதலில் போவது ஓரத்துப் புளியமரங்கள். அடுத்து வருவது வேகம். டிப்பர் லாரிகள் குறுக்கு வழி கண்டுபிடித்துவிடும். அதற்கப்புறம் சைக்கிள் இறங்க முடியாது.

நான் பேசுவது ஹெல்மெட்டும் கியர் சைக்கிளுமாக வருகிற விருந்தாளிகளுக்காக மட்டும் இல்லை. இந்தச் சாலைகளில் தினமும் சைக்கிள் மிதிப்பவர்கள் நம் பிள்ளைகள். ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில், பின்னால் பையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேர் மூன்று பேராகப் பேசிக்கொண்டே பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகளைக் காலை எட்டரை மணிக்கு எந்த ஊர்ச் சாலையிலும் பார்க்கலாம். கட்டட வேலைக்குப் போகிறவர், பால் ஊற்றுகிறவர், கேரியரில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வருகிற அக்கா. அவர்களுக்கு இந்தச் சாலை பாதுகாப்பாக இருந்தால் வெளியூர்க்காரருக்கும் பாதுகாப்பாக இருக்கும். அவர்களை ஓரம் கட்டிவிட்டு நாம் எந்தப் பாரம்பரியத்தைக் காட்டப் போகிறோம்?

செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவும் இல்லை. வளைவுகளில் சாலையை மறைத்து வளர்ந்திருக்கிற சீமைக்கருவேலத்தை வெட்ட வேண்டும், அதன் முள்தான் டியூபுக்கும் எமன். வேகத்தடைகளுக்கு வெள்ளைக் கோடு போட வேண்டும். பிரிகிற இடத்தில் ஊர்ப் பெயரும் தூரமும் கோயிலின் பெயரும் தமிழில் எழுதிய பலகை வேண்டும், இளையாத்தங்குடிக்கும் இரணியூருக்கும் வழி கேட்டே போக வேண்டியிருக்கிறது. பெண்கள் தைரியமாகப் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை ஒவ்வொரு பெரிய கோயில் பக்கத்திலும் திறந்திருக்க வேண்டும், கட்டி வைத்துப் பூட்டு போட்டால் பயன் இல்லை. சில விடுதிகள் தங்குகிறவர்களுக்கு சைக்கிள் கொடுக்கின்றன. காரைக்குடி ரயில் நிலையத்தில் வாடகை சைக்கிள் கிடைத்தால் பெரிய விடுதியில் தங்க வசதியில்லாத கல்லூரிப் பிள்ளைகளும் சுற்றுவார்கள்.

வருகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். விடிவதற்குள் கிளம்பி பத்தரை மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். மாற்று டியூபும் காற்றடிக்கிற பம்பும் கட்டாயம். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26 கிராம சபையில் உங்கள் ஊர்ச் சாலைக்குப் பலகையும், வேகத்தடைக்குக் கோடும், ஓரத்து மரங்களை வெட்டக் கூடாது என்ற தீர்மானமும் கேளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராமல் மனுவாக எழுதிக் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். மனு எழுதத் துணை வேண்டுமென்றால் நான் வருகிறேன்.