தாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே

கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது பற்றிய உங்கள் கட்டுரை, வாயுக்கலனில் (கழிவைச் சூடாக்கி எரிவாயுவாக மாற்றும் கலன்) உமி, சோளத்தட்டை, மரத்தூள் எதைப் போட்டாலும் மறுமுனையில் சுத்தமான எரிவாயு வந்துவிடும் என்கிறது. உமியில் ஓடும் வாயுக்கலன் ஒன்றை மூன்று ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சிரிப்புத்தான் வருகிறது.

காற்றைக் குறைத்துக் கொடுத்து 800 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும், சரி. கூடவே தாரும் வருமே! வாயு ஆறியதும் அது குழாயின் உட்சுவரில் பாகுபோல் அப்பிக்கொள்ளும். வடிகட்டியைக் கழற்றினால் கையில் ஒட்டும் அந்தக் கருப்புப் பிசின் சோப்புக்கு அசையாது, மண்ணெண்ணெய்தான் வேண்டும். உமி என்றால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் வேறு.

இன்னொன்று. வெறும் காற்றை ஊதினால் வரும் வாயுவில் பாதி எரியாத நைட்ரஜன். இஞ்சின் ஓடும், அவ்வளவுதான். அதை மீத்தேனாக்கிக் குழாயில் அனுப்ப வேண்டுமானால் காற்றுக்குப் பதிலாக நீராவியோ ஆக்சிஜனோ செலுத்த வேண்டும். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 20 மெகாவாட் கோபிகாஸ் ஆலை மரக்கழிவிலிருந்து அதைச் செய்தே காட்டியது. 2014 இறுதியில் எரிவாயுக் குழாயில் சேர்த்தார்கள், 2018இல் மூடிவிட்டார்கள். நுட்பம் கைகொடுத்தது, விலைதான் கட்டுப்படியாகவில்லை.

"இலவசக் கழிவு" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் ஆண்டு உமியை அள்ளிக்கொண்டு போனால் போதும் என்ற அரிசி ஆலைக்காரர், மறு ஆண்டு வாசலில் எடைமேடை வைத்துவிட்டார்.