கண்ணாடியைக் கட்டுரையாளர் மறந்துவிட்டார்

கேளிக்கைப் பூங்காக்களில் மாயம் காட்டுவது திரையும் கணினியும்தான் என்று, அவற்றைப் பற்றி நான் படித்த கட்டுரை அடித்துச் சொல்கிறது. கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் 1969இல் திறந்த 'ஹாண்டட் மேன்ஷன்' பேய் மாளிகையை என்ன செய்வது? அதன் நடனக்கூடத்தில் ஆவிகள் ஊடுருவித் தெரிந்தபடி சுழன்று ஆடுகின்றன. அங்கே திரையே கிடையாது. நமக்கும் கூடத்துக்கும் நடுவில் பிரமாண்டமான கண்ணாடி. பொம்மைகள் நாம் வண்டியில் செல்லும் பாதைக்கு மேலும் கீழும் இருட்டில் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் மேல் விளக்கு விழும்போது பிம்பம் மட்டும் கூடத்துக்குள் மிதக்கிறது. 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்ற அறிவியலாளர் மேடையேற்றிய அதே வித்தைதான்! இன்னொன்று: பிம்பம் இடவலம் மாறுவதால் ஜோடி நடனத்தில் ஆணுக்குப் பதில் பெண்ணே வழிநடத்துவதுபோல் தெரியும். அடுத்த முறை உற்றுப் பாருங்கள்.

இசைக்குக் கட்டுரை ஒரே ஒரு வரி ஒதுக்கியதுதான் எனக்குப் பெரிய வருத்தம். டிஸ்னி இசையமைப்பாளர் பட்டி பேக்கர் அமைத்த ஒரே மெட்டுதான் அந்த மாளிகையில் திரும்பத் திரும்ப வருகிறது. முகப்பில் இழவு வீட்டு இசைபோல ஊர்ந்து, நடனக்கூடத்தில் ஆர்கன் வாத்தியத்தில் வால்ட்ஸ் என்ற ஜோடி நடன இசையாகி, கடைசியில் மயானத்தில் கும்மாளப் பாட்டாகிவிடுகிறது. வண்டி திரும்பத் திரும்ப மெட்டும் உருமாறிக் கூடவே வருகிறது. திரையை எத்தனை அடி பெரிதாக்கினாலும் அந்த வேலையை அது செய்யாது ஐயா.