நோட்டு வைத்துக்கொண்டு பிரசங்கம் கேட்பது அவ்வளவு பெரிய காமெடியா?

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கும் இதற்குள் ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். நான் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிற படம். மேலே, ‘அக்கா பரலோகப் பரீட்சைக்குத் தயாராகிறார்’. பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி மூன்று.

நானும் சிரித்தேன். சத்தியமாக. திங்கட்கிழமை மதியம் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, அது பிரசங்க நேரத்தில் எடுத்த படம் என்று. நான் கேட்டுக்கொண்டிருந்தேன், நான் கேட்பதை ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போதகர் எடுத்த வசனம் என்ன தெரியுமா? யாக்கோபு 1:19. ‘கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும்’. நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, நோட்டில் தேதியோடு இருக்கிறது.

கேட்பது ஒரு வேலை. இதை மட்டும்தான் நான் சொல்ல வருகிறேன். பெஞ்சில் உடம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் கேட்டதாக ஆகிவிடாது. விதைக்கிறவன் உவமையைச் சொல்லி முடித்த கையோடு இயேசு என்ன சொல்கிறார்? லூக்கா 8:18, ‘நீங்கள் கேட்கிற விதத்தைக்குறித்துக் கவனியுங்கள்’. கேட்கிற விதத்தை. வழியோரம், பாறை, முள், நல்ல நிலம் என்று நாலு நிலத்திலும் விழுந்தது ஒரே விதைதான், விதைத்தவனும் ஒருவன்தான். ‘போதகர் போரடிக்கிறார், நாங்கள் என்ன செய்வது’ என்று கேட்பவர்கள் அந்த உவமையை இன்னொரு தடவை நிதானமாகப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

நான் நோட்டு எடுத்தது பக்தி முற்றிப்போய் இல்லை. வெட்கத்தில். சில வருஷத்துக்கு முன்னால் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில் என் மகன் கேட்டான், “அம்மா, தோட்டத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போகாம இருந்தது மூத்தவனா, சின்னவனா?” மத்தேயு 21-இல் வருகிற இரண்டு குமாரர் கதை. எனக்குத் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் கண்ணைத் திறந்துகொண்டு, அங்கங்கே தலையை வேறு ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மனசுக்குள் மறுநாள் அலுவலகத்தில் யாரை என்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை ஓடியிருக்கிறது. ஏழு வயசுப் பையன் கேட்டிருக்கிறான், நான் கேட்கவில்லை. அந்தப் போகாத பையன் நான்தான்டா என்று சொல்லியிருக்கலாம். “வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்றேன்” என்று சமாளித்தேன். அடுத்த வாரத்திலிருந்து நோட்டு. எழுதுகிற கை இருந்தால் மனசு ரொம்ப தூரம் போகாது. இதில் பரிசுத்தம் ஒன்றும் இல்லை, மாட்டுக்குக் கட்டுகிற கயிறு மாதிரிதான்.

இனி அந்தப் படத்தை ஒட்டி வந்த பதில்களுக்கு வருகிறேன்.

‘மரியாள் இயேசுவின் பாதத்தருகே நோட்டோடா உட்கார்ந்திருந்தாள்?’ இல்லை. ஒத்துக்கொள்கிறேன். மார்த்தாளின் சகோதரி அந்த மரியாள் மாதிரிக் கேட்க முடிந்தவர்களுக்கு நோட்டு வேண்டாம். எனக்கு வேண்டும்.

‘பவுல் பேசும்போதே ஒருத்தன் தூங்கி விழுந்தானே!’ இதை ஆறு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். அப்போஸ்தலர் 20, துரோவா பட்டணம், மூன்றாம் மாடி ஜன்னல், ஐத்திகு என்கிற வாலிபன். பாவம் அந்தப் பையன். பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசினார், அறையில் அத்தனை விளக்கு எரிந்தது, தூக்கம் வந்துவிட்டது. அவன் தூங்கினான், அவ்வளவுதான். முழித்திருந்தவனைக் கேலி பண்ணவில்லை.

‘எழுதுவதெல்லாம் வெளிவேஷம்.’ பெரோயா பட்டணத்தாரிடம் போய்ச் சொல்லுங்கள். பவுல் சொன்னதையே, அப்படித்தானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை எடுத்துவைத்து ஆராய்ந்து பார்த்தவர்கள் அவர்கள். அதற்கு நம் தமிழ் வேதாகமம் அவர்களுக்குக் கொடுக்கிற பெயர் என்ன? நற்குணசாலிகள். படிப்பாளிகள் என்று போடவில்லை, வேஷக்காரர்கள் என்றும் போடவில்லை. ஒழுங்காகக் கேட்டதைக் குணத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது அந்த வசனம். அந்தச் சொல்லில் நான் எத்தனை நாள் நின்றிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு தம்பி மட்டும் கொஞ்சம் யோசித்து எழுதியிருந்தார். பின்னாளில் பெரிய சபைப் போதகரான அகுஸ்தீன், மிலான் நகரத்தில் அங்கே பேராயராக இருந்த அம்புரோசின் பிரசங்கத்துக்குப் போனது பேச்சழகுக்காகத்தானே, பொருளைப் பற்றி அவருக்கு அப்போது அக்கறையே இல்லையே, அப்படியும் உள்ளே இறங்கியதே, 387-இல் அதே அம்புரோசிடம் ஞானஸ்நானம் எடுத்தாரே என்று. நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். என் பதில் இதுதான். அவர் எதற்காகப் போனாரோ, அதைக் காது கொடுத்துக் கேட்டார். ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். அழகுக்காகத் திறந்த கதவு வழியாகப் பொருளும் உள்ளே வந்துவிட்டது. கதவே திறக்காதவர்கள் அகுஸ்தீனைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

‘கேட்டவர்கள் எல்லாம் நல்லவர்களாகிவிட்டார்களா? கோயில் வாசலே மிதிக்காத எத்தனை பேர் உங்களைவிட நல்லவர்கள்!’ இது குத்தியது. ஏனென்றால் உண்மை. எனக்கே அப்படி மூன்று பேரைத் தெரியும். ஆனால் அது கேட்பதன் குற்றமா, கேட்டுவிட்டு அப்படியே எழுந்து போவதன் குற்றமா? ‘நல்லாப் பேசினார்ல?’ என்கிறோம், அதோடு சரி. பொன்வாய் என்று பேர் வாங்கிய பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோம் 1600 வருஷத்துக்கு முன்னால் இதே தலைவலியைப் பட்டிருக்கிறார். பிரசங்கத்துக்கு நடுவே ஜனங்கள் கைதட்டுவார்கள். இனிமேல் யாரும் தட்டக் கூடாது என்று ஒரு நாள் சட்டம் போட்டார். அதற்கும் தட்டினார்கள். அவர் நொந்துபோய், இதைத்தானே வேண்டாம் என்கிறேன், அதைக்கூடக் கேட்க மாட்டீர்களா என்கிறார். தீர்க்கதரிசி எசேக்கியேலுக்கும் இதே கதைதான், அவர் புத்தகத்தில் 33-ஆம் அதிகாரம். நீ அவர்களுக்கு இனிய குரலில் பாடுகிறவன் மாதிரி, கேட்பார்கள், செய்யமாட்டார்கள் என்று கர்த்தரே சொல்கிறார்.

நான் மட்டும் செய்தேனா? கேட்பீர்கள் என்று தெரியும். போன வருஷம் மத்தேயு 5:24 பிரசங்கம். காணிக்கையை வைத்துவிட்டு ‘முன்பு’ போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு. அந்த ‘முன்பு’ என்கிற வார்த்தைக்குக் கீழே மூன்று கோடு போட்டேன், பேனா அழுந்தி அடுத்த பக்கம் வரைக்கும் தடம். அப்படியே நோட்டை மூடிவிட்டு, என் தங்கச்சியோடு பேசாமல் இன்னும் நாலு மாசம் ஓட்டினேன். காணிக்கை மட்டும் வாராவாரம் தவறாமல் போட்டேன். ஒரு நாள் பழைய பக்கத்தைப் புரட்டும்போது அந்தத் தடம் விரலில் தட்டுப்பட்டது. போன் பண்ணினேன். அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “உடம்பு எப்படியிருக்கு?” என்றாள். அவ்வளவுதான். எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அந்த வசனத்தை நல்ல பிரசங்கம் என்று பாராட்டி எப்போதோ மறந்திருப்பேன்.

சரி, இவ்வளவு கோபம் எதற்கு என்கிறீர்கள். அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்து நன்றாகத் தெரிகிறது. ‘இன்று சாயங்காலம் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.’ இந்தத் தடவை அந்த ‘அவள்’ தங்கச்சி இல்லை. முந்தின வாரம் பாடகர் குழுப் பயிற்சியில் எல்லார் முன்னாலும் நான் குரல் உயர்த்திப் பேசினேனே, அந்தப் பெண். படம் எடுத்ததும் அதே பெண்தான்.

சாயங்காலம் பேசலாம் என்று போனைக் கையில் எடுத்தபோதுதான் அவள் ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. பேசவில்லை. படத்தை நீக்கிவிட்டேன் அக்கா என்று செவ்வாய்க்கிழமை நீ அனுப்பியிருந்தாய். பார்த்தேன், பதில் போடவில்லை. பேசுகிறதற்குப் பொறுமை என்று வசனம் இருக்கிறது, நான் அதை வசதியாக எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் கத்தினது தப்புதான்மா. படம் போட்டது தப்பில்லை என்று சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை, அதற்கு இன்னும் கொஞ்ச நாள் கொடு. வர ஞாயிறு அதே வரிசையில்தான் இருப்பேன். பழைய நோட்டு தீர்ந்துவிட்டது, புதுசு வாங்கியிருக்கிறேன். பக்கத்து இடம் காலிதான்.