கேட்டுவிட்டு மாற்றுங்களேன்

போனில் அழைப்பு வந்தால் எடுக்கும் ஸ்கிரீன் ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ அப்டேட்டில் தானாக மாறிப்போனதைப் பற்றி நாலு வரி போஸ்ட் எழுதினதற்கு, கமென்ட்டில் இவ்வளவு அறிவுரையா! "செட்டிங்ஸ்ல போய் மாத்திக்கலாமே ப்ரோ." மாற்றலாம், மாற்றியும் விட்டேன். என் கேள்வி அதுவல்ல. என்னைக் கேட்காமல் ஏன் மாற்றினார்கள்?

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மேலே தள்ளினால் பேசலாம், கீழே தள்ளினால் கட். இதை அவர் விரலுக்குப் பழக்கவே ஒரு தீபாவளி லீவு போனது. ஸ்கிரீன் மாறிய அன்றைக்குக் கூப்பிடக் கூப்பிட ரிங் போகிறது, எடுக்கவில்லை. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பினால், அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு மேலே மேலே தேய்த்துக்கொண்டிருக்கிறார். "நாந்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்டா" என்று சாயங்காலம் வரை அதே புலம்பல். யாரோ செய்த வேலைக்கு இவர் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

"அப்டேட் இல்லைன்னா ஹேக் பண்ணிடுவாங்க." சரி, பாதுகாப்பு ஓட்டையை அடைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? புயல் எச்சரிக்கையும் என்னைக் கேட்காமலே போனில் அலறட்டும். 2023இல் அரசு சோதனைக்காக அலறவிட்டபோது திடுக்கிட்டேன், குறை சொல்லவில்லை. போனை எடுக்கும் விதம் மாறியதில் எந்தப் புயலிலிருந்து யார் தப்பித்தார்கள்?

"கண்டிஷனுக்கு ஓகே கொடுத்தீங்கள்ல?" கொடுக்காவிட்டால் போனே திறக்காதே சார், அதுவா சம்மதம்?

இது புதிதும் இல்லை. 2018 ஆகஸ்டில் நம் ஆண்ட்ராய்டு போன்களின் கான்டாக்ட்ஸில் ஆதார் ஹெல்ப்லைன் எண் தானாக வந்து உட்கார்ந்திருந்ததே, மறந்துவிட்டதா? நாங்கள் சேர்க்கச் சொல்லவில்லை, அது செல்லாத பழைய எண் என்றது ஆதார் ஆணையம். 2014இல் செட்டப்பில் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்றது கூகுள். அடுத்த மாதமே பலர் போனில் சார்ஜை மிச்சப்படுத்தும் பேட்டரி சேவர் தானாக ஆன் ஆனது. கேட்டால், கூகுள் உள்ளுக்குள் செய்த சோதனையாம், தவறுதலாக வெளியே போய்விட்டதாம். எப்போதும் தவறுதல்தான். தவறியும் ஒருமுறை நம்மைக் கேட்டதில்லை.

அப்புறம் ஸ்மைலி போட்டு கமென்ட் எழுதிய அந்தத் தம்பி. "வயசானவங்களுக்கு பட்டன் போன் வாங்கிக் குடுங்க அங்கிள்." ஏன், பேரனை வீடியோவில் பார்க்கக் கூடாதா? கற்றுக்கொள்ள மாட்டேன் என்றா சொன்னார்? கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதைத்தான் ராத்திரியில் பிடுங்கிவிட்டார்கள். கண்டகண்ட ஆஃபருக்கெல்லாம் நாள் முழுக்க நோட்டிஃபிகேஷன் அனுப்பத் தெரிகிறது. "புதுசு வந்திருக்கு, மாத்தட்டுமா?" என்று பெரிய எழுத்தில், தமிழில் ஒரு வரி கேட்க மட்டும் முடியாதாம். அந்தப் போன் அம்மா தன் பென்ஷன் காசில் வாங்கியது தம்பி. நானும் கொடுக்கவில்லை, கம்பெனிக்காரனும் சும்மா கொடுக்கவில்லை.