டெக்சாஸில் யார் வந்தேறி?

போன மாதம் ஆலங்கட்டி மழை எங்கள் வீட்டுக் கூரையைப் பதம் பார்த்துவிட்டது. சரிசெய்ய ரூஃபர்கள், அதாவது கூரை வேலைக்காரர்கள், ஐந்தாறு பேர் வந்தார்கள். மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி, "மெக்சிகோவில் எந்த ஊர்?" என்றேன்.

"சான் அன்டோனியோ. என் பாட்டனுக்குப் பாட்டனும் அதே ஊர்தான். நீங்க எப்ப வந்தீங்க?"

2013 என்றேன். சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறிவிட்டார்.

எனக்கு இது தேவைதான். முந்தின நாள்தான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "டெக்சாஸ் முழுக்க மெக்சிகன் கூட்டமா ஆயிடுச்சு" என்று அலுத்துக்கொள்ள, நானும் ஒரு தம்ஸ்அப் போட்டுவிட்டு நகர்ந்திருந்தேன்.

1836 வரை இது மெக்சிகோவின் மண். பிறகு ஒன்பது வருடம் தனி நாடு, 1845-ல் அமெரிக்காவோடு சேர்ந்தது. எல் பாசோ, லரேடோ, அமரில்லோ என்று ஊர்ப்பெயரெல்லாம் ஸ்பானிஷில் இருப்பது சும்மாவா? "நாங்க எல்லையைத் தாண்டல, எல்லைதான் எங்களைத் தாண்டிச்சு" என்று மேஸ்திரியைப் போன்றவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பின்னாளில் வந்தவர்களும் லட்சக்கணக்கில் உண்டு, அதை மறுக்கவில்லை.

2020 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 2 கோடியே 91 லட்சம் பேர். பத்து வருடத்தில் ஏறக்குறைய 40 லட்சம் கூடியிருக்கிறது. அதில் 95 சதவீதம் வெள்ளையர் அல்லாதவர்கள். 2022 மதிப்பீட்டில் ஹிஸ்பானிக் மக்கள் (மெக்சிகோ போன்ற ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்) 40.2 சதவீதம், மற்ற வெள்ளையர் 39.8 சதவீதம் என்று முந்திவிட்டார்கள். குழுவில் சுற்றியது இந்த எண்தான். ஆனால் பெரிய இனக்குழுக்களில் வேகமாகப் பெருகியது ஆசியர்கள், அதாவது நாம்! 2000-ல் டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோ நகரில் 33 ஆயிரம் பேர். 2020-ல் 2 லட்சம். அங்கே குடியேறியவர்களில் நம்மாட்கள் எத்தனை பேர் என்று குழுவில் யாரும் கேட்கவில்லை.

இந்தப் பெருக்கமும் எல்லா இடத்திலும் இல்லை. நம்மூர் மாவட்டம் போன்ற கவுன்ட்டிகள் இங்கே 254; அந்தப் பத்து வருடத்தில் அவற்றில் 143-ல் ஆள் குறைந்திருக்கிறது. லவிங் கவுன்ட்டியில் 2020-ல் மொத்தமே 64 பேர். நம் கல்யாண வீட்டில் ஒரு பந்திக்குக் காணாது.

இன்னொரு வேடிக்கை. 1970 கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையர் பட்டியலில்தான் சேர்த்திருந்தார்கள். 1980-ல்தான் நமக்கென்று தனிக் கட்டம் வந்தது.

இவ்வளவையும் குழுவில் எழுதிப் போட்டேன். இரண்டு தம்ஸ்அப், ஒரு "அரசியல் வேண்டாமே ப்ளீஸ்". அடுத்த நிமிடம் ஒருவர் கேட்டார்: "நல்ல ரூஃபர் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?"