மழைப் பாட்டு இருக்கட்டும், ஜீன் ஹேகனைப் பாருங்கள்

'சிங்கிங் இன் த ரெயின்' என்ற ஹாலிவுட் இசைப் படத்தின் பேரைச் சொன்னதும் எல்லாரும் மழையில் விளக்குக் கம்பத்தில் தொற்றிக்கொண்டு நிற்கும் நாயகன் ஜீன் கெல்லியின் புகைப்படத்தைத்தான் பகிர்கிறார்கள். சரிதான், காய்ச்சலோடு ஆடிய ஆட்டம் அது. ஆனால் படத்தைத் தாங்கிப் பிடிப்பது ஜீன் ஹேகன் என்பதுதான் என் கட்சி.

கதை நடப்பது 1927இல். பேசும் படம் வந்துவிட்டது. ஊமைப் படங்களின் ராணி லினா லமாண்ட் (ஹேகன் நடித்த வேடம்) வாயைத் திறந்தால் காது கூசும். மைக்கைச் செடிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். அம்மணி பேசும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்ப, பாதி வசனம் காணாமல் போகிறது. சரி என்று உடையில் மார்புப் பக்கம் பொருத்தினால் இதயத் துடிப்பு கேட்கிறது. இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது. அந்தக் கீச்சுக்குரல் முழுக்க நடிப்பு. ஹேகனின் சொந்தக் குரல் கனமானது, நல்ல குரல்.

கதைப்படி, டெபி ரெனால்ட்ஸ் நடித்த கேத்திதான் லினாவுக்கு மறைவில் குரல் கொடுக்கிறாள். நிஜத்தில், அந்த டப்பிங் காட்சியில் கேத்தி பேசுவதாக நாம் கேட்கும் வசனம் ஹேகனின் சொந்தக் குரல்! அதாவது ஹேகனுக்கு டப்பிங் பேசும் டெபிக்கு ஹேகனே டப்பிங். அங்கே வரும் 'வுட் யூ' பாட்டைப் பாடியவரோ பெட்டி நாய்ஸ். அவர் பெயர் டைட்டிலில் இல்லை. பின்னால் நின்று பாடியவளைத் திரையை விலக்கிக் காட்டும் கிளைமாக்ஸ் வைத்த படம் செய்த வேலை இது.

1952இல் வந்தபோது படம் நன்றாகவே ஓடியது. ஆனால் கெல்லியின் முந்தைய படமான 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' சிறந்த படம் உட்பட ஆறு ஆஸ்கர்களை அள்ளியிருந்தது. இதற்கு இரண்டே பரிந்துரைகள், விருது பூஜ்யம். அதில் ஒன்று துணை நடிகைக்காக ஹேகனுக்கு. வாங்கியவர் குளோரியா கிரகாம், வேறொரு படத்தில் பத்து நிமிஷத்துக்கும் குறைவாக வந்த வேடத்துக்கு. அவர் நல்ல நடிகைதான், இருந்தாலும் எனக்கு இன்னும் ஆறவில்லை. மதிப்பெல்லாம் மெதுவாகத்தான் ஏறியது: 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான சிறந்த படங்களுக்காக நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் பத்தாவது இடம்.

குறையே இல்லையா என்றால், அந்த நீண்ட 'பிராட்வே' பாலே கதையை அப்படியே நிறுத்திவிடுகிறது. நடனக்காரி சிட் சரிஸ் பச்சை உடையில் வந்து காலை நீட்டுவதால் மன்னிக்கிறேன்.

அப்புறம், மழை கேமராவில் தெரிவதற்காகத் தண்ணீரில் பால் கலந்தார்கள் என்று கமென்டில் யாரும் கிளம்ப வேண்டாம். பின்னாலிருந்து விளக்கு அடித்ததால்தான் அது தெரிந்தது.