பெயர் தெரிந்தவனிடம் பெயர் கேட்பது

ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சிகளில் 'ஊடாட்டக் கற்பித்தல்' (பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசிக் கற்பது) என்றாலே, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கோர் உரையாடல் அட்டையைக் கொடுப்பது என்றாகிவிட்டது. அந்த வட்டத்துக்குள், ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருக்கும் நண்பனிடம் ஒரு மாணவன் "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்கிறான், அவனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெயரைச் சொல்கிறான். நானும் பல ஆண்டுகள் இதையே செய்தவன் என்பதால் பயிற்சி தரும் கருத்தாளர்களைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை.

இதற்கு மாற்றான ஒரு வழியை நம் பக்கத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1979 முதல் 1984 வரை, ஆங்கிலம் கற்பித்தலை ஆராய்ந்த என். எஸ். பிரபுவின் வழிகாட்டுதலில் பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களில் சில பள்ளிகளில் நடந்த திட்டத்தில், இலக்கண வரிசைப்படி அமைந்த பாடத்திட்டத்தை ஒதுக்கிவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து யோசித்து விடை காண வேண்டிய பணிகளையே பாடமாக்கினார்கள். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் பேசி ஒரு பணியை முடிப்பார். அதேபோன்ற இன்னொன்றை மாணவர் தாமே செய்வார். விடை கிடைத்ததா என்பதே அளவுகோல். பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போது இலக்கணம் தானாகப் படியும் என்று பிரபு கருதினார். குழுப் பணியை அவர் விரும்பவில்லை என்பதுதான் வியப்பு: பிள்ளைகள் ஒருவர் பிழையை மற்றவர் கற்றுக்கொண்டுவிடுவார்கள் என்பது அவர் அச்சம்.

அந்த அச்சம் நியாயமானதுதான் என்றாலும், நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியரோடு மட்டும் பேசுவதென்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது என்பதால், நான் இருவர் இருவராகவே பிரிக்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே என்பதால், இதற்கு வாரத்தில் ஒரு பாடவேளைக்கு மேல் ஒதுக்கவும் முடிவதில்லை.

அண்மையில் ஒரு பேருந்து நேர அட்டவணையை இரண்டாகப் பிரித்து, புறப்படும் நேரங்களை ஒருவரிடமும் சென்றுசேரும் நேரங்களை மற்றவரிடமும் கொடுத்து, பத்து மணித் தேர்வுக்குப் போய்ச்சேர எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒருவன் "நைன் பிப்டீன்" என்றதை மற்றவன் "நைன் பிப்டி" என்று எழுதிக்கொள்ள, அவர்கள் கணக்கில் பேருந்து புறப்படுவதற்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. இருவரும் தாளை வெறித்துப் பார்த்தார்கள். பிறகு முதலாமவன் "நோ, நோ, ஒன் பைவ், பிப்டீன்" என்று கடைசி அசையை அழுத்தி, வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.